கிணறு எது, வீடா பாடசாலையா?

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே படிப்பிக்கும் பெற்றோரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம்மவர்கள் உடனடியாகத் தெரிவிக்கும் ஆட்சேபம் படிப்பைப் பற்றியதாக இருப்பதில்லை. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் வீட்டில் கற்பிக்க முடியுமா என்று எவரும் கேட்பதில்லை. மாலையில் ரியூசன், வார இறுதியில் ரியூசன் என்று பாடத்தைப் பாடசாலைக்கு வெளியே விலைகொடுத்து வாங்கிப் பழகிவிட்ட சமூகத்துக்கு அந்தச் சந்தேகம் எழ நியாயமுமில்லை. "நாலு பேரோடு பழகத் தெரியாத பிள்ளையாக வளர்ந்துவிடுமே, கிணற்றுத் தவளையாகிவிடுமே" என்பதுதான் அவர்களின் கவலை.

2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாக இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டு, அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பிள்ளைகள் நீண்டகாலம் வீடுகளில் முடங்கிக் கிடந்தபோது இக்கவலை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. பாடசாலை என்பது பாடப்புத்தகத்துக்கு அப்பாலும் எதையோ தருகிறது என்பதைப் பெற்றோர் அப்போது உணர்ந்தார்கள். அந்த 'எதையோ' என்பது என்ன என்று அப்போது தெளிவாகக் கேட்டுக்கொண்டோமா என்பது வேறு விடயம். வீட்டுக் கல்வி பிள்ளையின் மனதைக் குறுக்குகிறதா என்ற கேள்விக்கான விடை அதிலேயே தங்கியிருக்கிறது.

வீட்டுக் கல்வி ஓர் இயக்கமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கு ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டபூர்வமானது. 1970களில் அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜோன் ஹோல்ட் என்ற கல்வியாளர். பிள்ளைகளிடம் இயல்பாகவே உள்ள அறியும் ஆவலைப் பாடசாலை மழுங்கடித்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். மதத்துக்கும் அந்த வாதத்துக்கும் தொடர்பில்லை. 1980களில் பழைமை பேணும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெருமளவில் இவ்வழிக்கு வந்த பின்னரே, வீட்டுக் கல்வி என்றால் மதக் கடும்போக்கு என்ற எண்ணம் பரவியது.

அரசாங்கப் புள்ளிவிபரங்களின்படி 1999 ஆம் ஆண்டில் அங்கு சுமார் 8 இலட்சத்து 50 ஆயிரம் பிள்ளைகள் வீட்டில் கற்றார்கள். 2012 இல் அந்தத் தொகை ஏறத்தாழ 18 இலட்சமாகியது. 2016 ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வொன்றில், பிரதான காரணம் என்னவென்று பெற்றோரிடம் கேட்கப்பட்டபோது 34 வீதமானோர் பாதுகாப்பு, போதைப்பொருள், சகபாடிகளின் அழுத்தம் போன்ற பாடசாலைச் சூழலையே குறிப்பிட்டார்கள். மதபோதனையைப் பிரதான காரணமாகக் கூறியவர்கள் 16 வீதம். 2020 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் 5.4 வீதமான குடும்பங்களே வீட்டுக் கல்வியை நாடியிருந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அது 11.1 வீதமாக உயர்ந்தது. கறுப்பினக் குடும்பங்களிடையே 3.3 வீதத்திலிருந்து 16.1 வீதமாகப் பாய்ந்தது. ஆகவே, வீட்டில் படிப்பிப்பவர்கள் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்த மதவாதிகளாகக் கருதுவது உண்மைக்குப் புறம்பானது.

எனினும் குற்றச்சாட்டு இலேசானதல்ல. ஹார்வார்ட் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் எலிசபெத் பார்தொலெற் 2020 இல் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரையில், தகுந்த காரணம் காட்டும் பெற்றோருக்கு மாத்திரம் விதிவிலக்களித்து வீட்டுக் கல்வியைத் தடைசெய்ய வேண்டும் என்று வாதிட்டார். பிள்ளைகள் வேறு கருத்துகளையே அறியாமல் வளரும் அபாயமும், வீட்டுக்குள் துன்புறுத்தப்பட்டால் வெளியே எவருக்கும் தெரியாமற் போகும் அபாயமும் அவர் முன்வைத்த காரணங்கள்.

ஜேர்மனி இதில் இன்னும் கண்டிப்பானது. 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு வகுத்த கட்டாயப் பாடசாலைக் கல்வி அங்கு இன்றும் தொடர்கிறது. வீட்டில் படிப்பிக்க அனுமதி கோரிய கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றபோது, 2006 செப்ரெம்பரில் அந்த நீதிமன்றம் அவர்களின் மனுவை ஏற்க மறுத்துவிட்டது. சமூகத்துக்குள் தனித்தனிச் சமூகங்கள் உருவாவதைத் தடுப்பதும் சிறுபான்மையினரைச் சமூகத்துடன் ஒன்றிணைப்பதும் பொதுநலன் என்ற ஜேர்மன் நீதிமன்றங்களின் நிலைப்பாட்டில் அது தவறு காணவில்லை. பிரான்ஸ் 2021 ஓகஸ்ட் மாதத்துச் சட்டத்தின் மூலம், அறிவித்தால் மாத்திரம் போதும் என்றிருந்த நடைமுறையை மாற்றி, முன் அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. அங்கும் சொல்லப்பட்ட காரணம் பிரிவினைவாதப் போக்கைத் தடுப்பது என்பதே.

இந்த அரசுகளின் அனுமானம் ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்டதா? 2014 இல் அல்பேர்ட் செங் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், தமக்குப் பிடிக்காத கருத்துடைய குழுக்களுக்கும் பேச்சுரிமை போன்ற உரிமைகள் இருக்க வேண்டும் என்று ஏற்கும் மனப்பான்மை, அதிக காலம் வீட்டில் கற்றவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. வீட்டுக் கல்வியின் ஆதரவாளர்கள் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அது ஒரேயொரு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. பல்கலைக்கழகம் வரை வந்து சேர்ந்த பிள்ளைகளைத்தான் அதில் காணலாம். வராமலே போனவர்கள் எந்த வினாக்கொத்துக்கும் பதில் எழுதுவதில்லை. எனவே வீட்டில் வளரும் பிள்ளை கட்டாயம் குறுகிய மனமுடையதாகிவிடும் என்ற வாதத்தை இந்த ஆய்வு பலவீனப்படுத்துகிறது என்பதற்கு மேல் எதையும் நாம் கூற முடியாது.

புள்ளிவிபரங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சிந்திப்போம். வீட்டில் பிள்ளை வாசிக்கும் புத்தகம், பழகும் நண்பன், கேட்கும் பிரசங்கம் எல்லாம் பெற்றோரால் தெரிந்தெடுக்கப்பட்டவை. பாடசாலையில், பெற்றோர் தெரிந்தெடுக்காத ஒருவன் பக்கத்து வாங்கில் வந்து அமர்கிறான். அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியில் வேறு உணவு இருக்கிறது. அவனுடைய வீட்டில் வேறு கடவுள் இருக்கலாம், கடவுளே இல்லாமலும் இருக்கலாம். தகப்பன் சொன்னதற்கு மாறான ஒன்றை ஆசிரியை சொல்லிவிடுகிறார். பிள்ளை அன்றிரவு வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்கிறது. மனதைத் திறப்பதற்குப் பாடசாலையிடம் உள்ள வல்லமை இந்தத் தற்செயலான சந்திப்புத்தான்.

அது தானாக நிகழ்ந்துவிடுவதுமில்லை. வெவ்வேறு குழுவினர் சந்தித்துக்கொண்டால் தப்பெண்ணம் குறைய வேண்டுமானால், அவர்கள் சம அந்தஸ்தில் சந்திக்க வேண்டும், பொதுவான நோக்கத்துக்காக ஒத்துழைக்க வேண்டும், அதிகாரத்தில் உள்ளோர் அதனை ஆதரிக்க வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954 இலேயே எழுதினார். இதற்கு யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு அமெரிக்க உதாரணம் தேவையில்லை. 1920களின் பிற்பகுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற முயற்சி முன்னெடுக்கப்பட்டபோது என்ன நடந்தது? அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும் மற்றவர்கள் வாங்கிலும் அமர்ந்திருந்தார்கள். சம ஆசனத்துக்கு எதிராகக் கிளர்ச்சிகள் எழுந்தன, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அதே கூரையின் கீழ், அதே ஆசிரியரிடம், அதே பாடத்தைப் படித்த பிள்ளைகள் அவர்கள். வாங்கில் இருந்த பிள்ளை அங்கு கற்றுக்கொண்டது, நிலத்தில் இருப்பவன் தனக்குக் கீழானவன் என்பதைத்தான். அந்தப் பாடசாலை மனதைத் திறக்கவில்லை. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டைப் போட்டது.

இன்றைய நிலையைப் பார்ப்போம். இலங்கையில் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிமூலங்களிலும் கற்பிப்பவை அவற்றில் மிகச் சிலவே. மற்றவையெல்லாம் ஒன்றில் சிங்கள மொழிமூலப் பாடசாலைகள் அல்லது தமிழ் மொழிமூலப் பாடசாலைகள். தமிழ் மொழிமூலத்துக்குள்ளும் முஸ்லிம் பாடசாலைகள் தனியானவை. இவற்றுக்கு மேலாக ஆண்கள் பாடசாலை, பெண்கள் பாடசாலை என்ற பிரிவு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்து, கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கிராமத்துப் பாடசாலையிலிருந்து பெயர்பெற்ற நகரப் பாடசாலைக்குப் பிரித்தெடுத்துச் செல்கிறது. ஐந்து வயதில் பாடசாலைக்குள் நுழையும் பிள்ளை, தன் மொழி பேசாத, தன் மதத்தைச் சேராத, தன் வகுப்பைச் சேராத ஒரு சகபாடியோடு ஒரு நாள்கூட ஒரே வகுப்பறையில் அமராமல் உயர்தரப் பரீட்சை வரை படித்து முடித்துவிடலாம். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் நாலு பேரோடல்ல, நாலாயிரம் பேரோடு பழகியிருக்கிறது என்பது உண்மைதான். அந்த நாலாயிரம் பேரும் அதே கிணற்றைச் சேர்ந்தவர்கள்.

ஜேர்மனியும் இதற்கு விதிவிலக்கல்ல. தனித்தனிச் சமூகங்கள் உருவாகக் கூடாது என்று நீதிமன்றத்தில் வாதிடும் அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில், பிள்ளைகள் ஏறத்தாழப் பத்து வயதில், நான்காம் வகுப்பு முடிந்தவுடன், தரம் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். எனவே, 'வீட்டில் கற்ற பிள்ளை குறுகிய மனமுடையது' என்று குற்றஞ்சாட்டும் அரசு, தன் பாடசாலை யாரையெல்லாம் ஒரே வாங்கில் அமர்த்துகிறது என்பதற்கு முதலில் பதில் கூற வேண்டும்.

பிள்ளையைத் தனியே பிரித்து வளர்க்கும் பெற்றோரின் உள்ளத்தில் இருப்பது எப்போதும் வெறுப்பல்ல என்பதையும் மறந்துவிடலாகாது. பெரும்பாலும் அது அச்சம். மிஷனரிப் பாடசாலைகளுக்குச் செல்லும் பிள்ளைகள் சைவத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்ற அச்சமே ஆறுமுக நாவலரை 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்க வைத்தது. தன் பிள்ளையைத் தன் நம்பிக்கையில் வளர்க்க விரும்பும் அமெரிக்கக் கிறிஸ்தவத் தாயும் ஏறத்தாழ அதே அச்சத்தையே சுமக்கிறார். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், இன, மத அடிப்படையிலான பாடசாலைகளை ஒழித்துக் கலப்புப் பாடசாலைகளாக்க வேண்டும் என்ற யோசனை பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழுவின் 2020 ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்றது. அதனைக் கேட்ட தமிழ்ப் பெற்றோருக்கும் முஸ்லிம் பெற்றோருக்கும் முதலில் எழுந்த கேள்வி, 'கலப்புப் பாடசாலையில் எங்கள் மொழிக்கு என்ன நேரும்?' என்பதாகத்தான் இருந்திருக்கும். 1956 ஐயும் 1983 ஐயும் கடந்து வந்த சமூகத்திடம் அந்தக் கேள்வி எழக் கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. பெரும்பான்மையின் பாடசாலைக்குள் சிறுபான்மையைக் கரைப்பது சம அந்தஸ்தில் நிகழும் சந்திப்பு ஆகாது.

அச்சத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதற்குப் பிள்ளையைப் பலிகொடுப்பது வேறு. 2018 இல் வெளியாகிப் பெருமளவில் வாசிக்கப்பட்ட தன்வரலாற்று நூலில், ஐடஹோ மாநில மலையடிவாரத்தில் வளர்ந்த தாரா வெஸ்ற்றோவர் தன் கதையைச் சொல்கிறார். அரசாங்கத்தையும் வைத்தியசாலையையும் பாடசாலையையும் நம்பாத தகப்பன். 17 வயதில், பல்கலைக்கழகத்திலேயே அவர் முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தார். யூத இனப்படுகொலையைக் குறிக்கும் சொல்லின் அர்த்தம் தெரியாமல் வகுப்பில் கையுயர்த்திக் கேட்டார். அவர் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார் என்பது உண்மை. அதைக் காட்டி வீட்டுக் கல்வியைப் போற்றுவது, கிணற்றில் விழுந்து தப்பி வந்தவரைக் காட்டிக் கிணற்றைப் போற்றுவதற்கு ஒப்பானது. அந்த வீட்டில் நிகழ்ந்த வன்முறையைப் பார்த்துக் கேள்வி கேட்க, பிள்ளைகளைத் தினமும் சந்திக்கும் வெளியார் ஒருவர் இருக்கவில்லை என்பதே அந்நூலில் என்னை உறுத்திய விடயம்.

1972 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், அமிஷ் சமூகத்துப் பெற்றோர் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அதில் ஓரளவு மாறுபட்ட நீதியரசர் வில்லியம் டக்ளஸ், பெற்றோரின் உரிமையையும் அரசின் உரிமையையும் மாத்திரம் நிறுத்துப் பார்க்கும் வழக்கில் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும் என்று எழுதினார். பிள்ளை நாளை இசைக் கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ வர விரும்பலாம் அல்லவா? அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அக்கேள்வி பழையதாகிவிடவில்லை.

ஆகவே, வீட்டுக் கல்வியை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்ற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. பாடசாலையில் துன்புறுத்தப்பட்டு ஒடுங்கிப்போன பிள்ளைக்கும், விசேட தேவையுடைய பிள்ளைக்கும், பாடசாலை புரிந்துகொள்ளாத பிள்ளைக்கும் வீடு புகலிடமாகலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் கட்டாயமாக இருக்க வேண்டும். பெற்றோரோ உறவினரோ அல்லாத, பொறுப்புள்ள வெளியார் ஒருவர் அந்தப் பிள்ளையை அடிக்கடி நேரில் சந்தித்துத் தனியே பேச வேண்டும். நூலகம், விளையாட்டுக் கழகம், இசை வகுப்பு என்று எங்காவது ஓரிடத்தில், பெற்றோர் தெரிந்தெடுக்காத பிள்ளைகளோடு அப்பிள்ளை சமமாகக் கலந்திருக்க வேண்டும். இவற்றுக்கு உடன்படாத பெற்றோர் பாதுகாக்க விரும்புவது பிள்ளையையா, தமது அதிகாரத்தையா என்று கேட்கும் உரிமை சமூகத்துக்கு இருக்கிறது.

அதே அளவுகோலைப் பாடசாலைக்கும் வைப்போம். மொழிமூலம் தனியாகவே இருக்கட்டும். விளையாட்டும் சங்கீதமும் சித்திரமும் விஞ்ஞானக் கண்காட்சியும் எதற்காகத் தனித்தனியே நடக்க வேண்டும்? அருகருகே உள்ள தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகளின் பிள்ளைகள் வாரத்தில் ஒரு பிற்பகலாவது ஒரே அணியில் விளையாடினால் எந்த மொழியும் அழிந்துவிடாது. இரண்டாம் மொழிப் பாடத்தை, பரீட்சைப் புள்ளிக்காக மனனம் செய்யாமல், அந்த மொழி பேசும் பிள்ளையோடு பேசிப் பழகுவதற்காகக் கற்பித்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கொரு முறை பேருந்தில் ஏற்றிச் சென்று, கொடி அசைத்துப் படம் பிடித்துத் திரும்பும் நல்லிணக்க விழாக்களால் இது கைகூடாது.

உங்கள் பிள்ளை உங்களுக்குத் தெரியாத, உங்களோடு உடன்படாத ஒரு வீட்டுப் பிள்ளையோடு கடைசியாக எப்போது சமமாக அமர்ந்து பேசியது? வீட்டில் கற்பிக்கும் பெற்றோரிடம் இதைக் கேட்பதற்கு முன்னர், சீருடை உடுத்திப் பிள்ளையைத் தினமும் பாடசாலை வாசலில் விட்டு வரும் நாமும் இதற்குப் பதில் தேடிக்கொள்வது நல்லது.