ஊசி பிடிக்கும் கைகளுக்கு யார் காவல்?

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில் லாரியும் வேனும் மோதிக்கொண்டால், அடிபட்டவர்களைத் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே முடியாதென்றால் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ரத்த வெள்ளத்தில் வந்து இறங்கும் ஒரு மனிதனைச் சுற்றி எந்த ஆஸ்பத்திரியிலும் எத்தனையோ கைகள் வேலை செய்கின்றன. அவற்றில் பெரிய டாக்டரின் கை ஒன்றிருக்கலாம். மற்றவை யாருடையவை? பயிற்சி டாக்டருடையவை, நர்ஸிங் படிக்கும் பெண்ணுடையவை, ரத்தப் பரிசோதனை கற்கும் பையனுடையவை, தரையைத் துடைக்கும் துப்புரவுத் தொழிலாளியுடையவை.

அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. நோயாளியின் உயிரைக் காப்பாற்ற ஊசி பிடிக்கும் அந்தக் கைகளை யார் காப்பாற்றுகிறார்கள்?

எது இந்த நோய்?

மஞ்சள் காமாலை என்று நம் ஜனங்கள் பொதுவாகச் சொல்லும் நோய் ஒன்றல்ல, பல. கெட்ட தண்ணீராலும் கெட்ட உணவாலும் வருகிற ரகம் உண்டு. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ரத்தத்தின் வழியாக வருகிற ரகம் வேறு. ஹெபடைடிஸ் பி என்பது அந்த இரண்டாவது ரகம். அசுத்தமான ஊசி, பரிசோதிக்காத ரத்தம், உடலுறவு, நோயுற்ற தாயிடமிருந்து பிறக்கும் குழந்தை என்று இது பரவுகிறது. சேர்ந்து சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ, ஒரே வகுப்பில் உட்காருவதாலோ பரவுவதில்லை.

பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது ஆயுள் முழுவதும் உடம்பில் தங்கிவிடும். வயது வந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். ஆனால் தங்கியவர்களின் கதி என்ன? இருபது முப்பது ஆண்டுகள் ஒரு அறிகுறியும் காட்டாமல் கல்லீரலை அரித்து, கடைசியில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்று நோயாகவோ தலை தூக்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. அந்த ஒரே ஆண்டில் 11 லட்சம் பேர் இதனால் மாண்டார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

தெரியாதவர்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அவருக்குக் குத்திய ஊசி, தடுப்பூசி போடாத ஒரு மாணவியின் விரலில் குத்திவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எய்ட்ஸ் கிருமிக்கு அது ஆயிரத்துக்கு மூன்று. எய்ட்ஸ் என்றால் எல்லோரும் பதறுகிறோம். அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றுகிற இதைப் பற்றி அலட்சியமாக இருக்கிறோம். காய்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும் கிருமி இது!

பாடத்தில் இருக்கிறது, பழக்கத்தில் இல்லை

மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தியாவில் பல மருத்துவ, பல் மருத்துவ, நர்ஸிங் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ரத்தத்தால் பரவும் என்று அறிந்தவர்கள் அதிகம். மூன்று தடுப்பூசியையும் முடித்தவர்கள் குறைவு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாயிற்றா என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் அதிலும் குறைவு.

ஏன் இந்த நிலை? ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி நர்ஸிங் படிக்க வருகிறாள். அப்பா மணிலாக் கொல்லையில் கூலி வேலை செய்பவர். படிப்புச் செலவுக்கு அம்மாவின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. முதலாண்டிலேயே வார்டுக்குப் போகிறாள். ஊசி போட்டு முடித்ததும் பழைய பழக்கப்படி மூடியை ஊசியின் மேல் செருகப் போகிறாள். விரலில் குத்திக்கொள்கிறது. ஒரு சொட்டு ரத்தம். யாரிடம் சொல்வாள்? சொன்னால், “ஏம்மா, பார்த்துச் செய்யக்கூடாதா?” என்று ஏசுவார்கள். உள் மதிப்பெண்ணில் கை வைப்பார்களோ என்ற பயம் வேறு. விரலைச் சப்பிவிட்டு, பஞ்சால் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள்.

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவியிருக்க வேண்டும். விரலைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதித்திருக்க வேண்டும். தடுப்பூசி போடாதவளென்றால், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டிருக்க வேண்டும். அந்த இம்யூனோகுளோபுலின் விலை உயர்ந்தது. கூலிக்காரர் மகள் கடையில் வாங்கக் கூடியதல்ல. அவளுக்கு அறிவு குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். அவளிடம் குறைந்திருப்பது அறிவல்ல. தைரியமாகப் போய்ச் சொல்ல ஓரிடம்.

இன்னொரு உண்மையையும் மறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடும் திட்டம் 2002-03-ல் சில நகரங்களிலும் ஜில்லாக்களிலும் சோதனையாகத் தொடங்கி, படிப்படியாக விரிந்து, 2011-ல்தான் நாடு முழுவதுக்கும் வந்தது. இன்று கல்லூரிகளில் படிப்பவர்களில் பலர் அது தங்கள் கிராமத்தை எட்டுவதற்கு முன் பிறந்தவர்கள். “சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்று” என்று வீட்டில் சொல்வார்கள். அந்த எல்லா ஊசியில் இந்த ஊசி இல்லாமலிருக்கலாம்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது

1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பாருக் பிளம்பர்க், ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் பொருளைக் கண்டார். அதுவே இந்தக் கிருமியின் மேலுறை என்று பின்னர் தெளிவாயிற்று. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ம் தேதியே உலக ஹெபடைடிஸ் தினமாக அனுசரிக்கப்படுகிறது. 1981-ல் முதல் தடுப்பூசி அமெரிக்காவில் உத்தரவு பெற்றது. இந்தியாவுக்கு அது இறக்குமதியாகி வந்தபோது ஒரு ஊசி பல நூறு ரூபாய். ஏழைக்கு எட்டாக்கனி! 1997-ல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே அதைத் தயாரித்தது. விலை மளமளவென்று சரிந்தது. இன்று விலை ஒரு காரணமே அல்ல. 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று ஊசி. ஆரோக்கியமான வாலிபர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அது பலமான பாதுகாப்பு.

நம் பக்கத்தில் கீழாநெல்லியைச் சொல்வார்கள். பாட்டி வைத்தியத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. சென்னை ஆய்வாளர்கள் அந்தச் செடியை முறையாகச் சோதித்து, பிளம்பர்க்கும் சேர்ந்து, 1988-ல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் பிற நாடுகளில் செய்த பிந்தைய சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே விரலில் ஊசி குத்தியபின் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. தடுப்பூசிக்கு மாற்று இல்லை.

சட்டத்தின் இடுக்கில் மாணவன்

2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாளும் சகல ஊழியர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவது ஆஸ்பத்திரி நடத்துகிறவரின் பொறுப்பு என்று விதிக்கின்றன. 2018 ஜூலை 28-ல் மத்திய சர்க்கார் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் தொடங்கியது. காகிதத்தில் குறையில்லை.

ஆனால் மாணவன் யார்? சம்பளம் வாங்காததால் அவன் ஊழியன் அல்ல. கட்டிலில் படுக்காததால் நோயாளியும் அல்ல. ஊழியனுடைய வேலையைச் செய்கிறான். ஊழியனுடைய பாதுகாப்பு இல்லை. கல்லூரி “ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்” என்கிறது. ஆஸ்பத்திரி “கல்லூரி பார்த்துக்கொள்ளும்” என்கிறது. பயிற்சிக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் தனியார் பள்ளிகளில் இந்தப் பந்தாட்டம் இன்னும் மோசம்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1986-ல் தொழிற் சங்கங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக சர்க்காரிடம் மனுப்போட்டு விடாமல் நின்றன. 1991-ல் விதி வந்தது: ரத்தத்தோடு புழங்கும் ஊழியருக்கு முதலாளி தன் செலவில் இந்தத் தடுப்பூசி போட வேண்டும். சங்கம் இருந்தது, உரிமை கிடைத்தது. ஆனால் அந்த விதியிலும் சம்பளம் வாங்காத மாணவர்கள் விடுபட்டுப் போனார்கள். எங்கும் இதே இடுக்கு!

நம் பக்கத்தில் சில கல்லூரிகள் தாமாகவே மாணவர்களுக்குத் தடுப்பூசி போடுகின்றன. பாராட்டுகிறோம். ஆனால் ஒரு முதல்வரின் நல்ல மனதைப் பொறுத்து ஒரு மாணவியின் கல்லீரல் பிழைக்கலாமா?

நோய் கண்டவரைத் துரத்துவதா?

இங்கே ஒரு எச்சரிக்கை. “எல்லா மாணவரையும் பரிசோதியுங்கள்” என்று நாம் கேட்கும்போது, தொற்று இருப்பதாகத் தெரிந்த மாணவனை வெளியே தள்ள அதையே சாக்காக்கிக்கொள்ளலாம். அவன் பிறந்தபோதே தாயிடமிருந்து பெற்றிருக்கலாம். அது அவன் குற்றமா? அமெரிக்காவில் நியூஜெர்ஸி மருத்துவப் பல்கலைக்கழகம் இந்தத் தொற்றைக் காட்டி இரண்டு பேருக்கு இடம் மறுத்தது. நீதி இலாகா தலையிட்டு, 2013-ல் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வைத்தது. உரிய முன்னெச்சரிக்கையோடு தொற்றுள்ளவரும் டாக்டராகலாம், நர்ஸாகலாம் என்பதே இன்றைய மருத்துவ அபிப்பிராயம். நம் நாட்டிலோ 2017-ம் ஆண்டுச் சட்டம் எய்ட்ஸ் கிருமி உள்ளவரைப் பாரபட்சத்திலிருந்து காக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு அத்தகைய சட்டம் இல்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக மருத்துவப் பரிசோதனைக்கு நிற்கும் நர்ஸுக்கு, ரத்தத்தில் இது தெரிந்தால் விசா கனவு அன்றோடு சரி. கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்தின் தலையில் இடி. எந்த வார்டில், எந்த நாளில், எந்த ஊசியால் வந்தது என்று எழுதிவைத்த பதிவேடு கூட இல்லாவிட்டால், அவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

இது ஜனங்களின் பிரச்னை

இது மாணவர்கள் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டாம். 2009-ல் குஜராத்தில் மொடாசா வட்டாரத்தில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் இந்நோய் காட்டுத் தீயாகப் பரவி ஏறத்தாழ 90 பேர் மாண்டார்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்பும் ஜனங்கள் நம் ஜில்லாவிலும் உண்டு. ஊசியை மதிக்கப் பழகாத மாணவன், நாளை ஊசியை மதிக்காத டாக்டராகிறான். தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றவன்தான் நோயாளியைக் காப்பான்.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயங்களல்ல:

1. மருத்துவம், நர்ஸிங், பல் மருத்துவம், பரிசோதனைக்கூடப் படிப்பு எதுவானாலும் சேர்ந்த முதல் வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்றும் இலவசம். அரசு மருந்துக் கழகம் மொத்தமாக வாங்கினால் செலவு சொற்பம்.

2. மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை.

3. ஒவ்வொரு பயிற்சி ஆஸ்பத்திரியிலும், இரவிலும் கூட, ஊசி குத்தியவர் போய்ச் சொல்ல ஓரிடம், இம்யூனோகுளோபுலின் கையிருப்பு, தண்டனை கூடாது, பதிவேடு கட்டாயம்.

4. ஒவ்வொரு கட்டிலருகிலும் ஊசி வெட்டும் கருவியும், குத்தாத பெட்டியும். ஊசிக்கு மறுபடி மூடி போடும் பழக்கம் ஒழிய வேண்டும்.

5. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் இதே பாதுகாப்பு. கழிவுப் பையில் கிடக்கும் ஊசி, அவர் ஒப்பந்தக்காரரா நிரந்தர ஊழியரா என்று பார்த்துக் குத்துவதில்லை.

6. தொற்று இருப்பதைக் காட்டி யாரையும் படிப்பிலிருந்து நீக்கக் கூடாது. அவருடைய ரகசியம் காக்கப்பட வேண்டும். சிகிச்சை தர வேண்டும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மூன்று ஊசிக் கணக்கை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஏசுவார்கள். வகுப்பே எழுந்து நின்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கேட்கும்போது, பக்கத்தில் வாளியும் துடைப்பமுமாக நிற்கும் அந்த அம்மாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.