எந்தக் கலாசாலை?

பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷை முடிவுகள் வெளியானதும், தமிழ்நாட்டில் கலாசாலை விளம்பரங்கள் மலிந்துவிடுகின்றன. பிள்ளையைப் பெற்றவர் கட்டிடத்தின் உயரத்தையும் பஸ்களின் எண்ணிக்கையையும் கண்டு மயங்குகிறார். அக்கலாசாலை எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. கேளாமையின் பலனைக் குடும்பம் முழுவதும் பல வருஷங்கள் அநுபவிக்க நேரிடுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரி 1840-ல் தோன்றியது. அது போன்ற சர்க்கார் கலாசாலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. கட்டணம் குறைவு, இடம் கிடைப்பதே அரிது. "உதவி பெறும்" கலாசாலையில்தான் நுட்பம் இருக்கிறது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட பதவிகளிலுள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். ஆதலால் கட்டணம் குறைவு. ஆனால் அதே மதிற்சுவருக்குள், பெரும்பாலும் பிற்பகலில், சுயநிதிப் பிரிவு ஒன்றும் நடக்கிறது. பாடம் அதுவே, பட்டமும் அதுவே, கட்டணமோ பன்மடங்கு! கலாசாலையின் பெயரை மட்டும் கேட்டு வந்தவர் இதைப் பணம் கட்டும் ஜன்னலில்தான் அறிகிறார்.

"தன்னாட்சி" என்ற சொல்லும் பலரை மயக்குகிறது. லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதலியவை 1978-ல் இவ்வுரிமையைப் பெற்றன. பாடத்திட்டம் வகுப்பதும் பரீக்ஷை நடத்துவதும் கலாசாலையின் பொறுப்பு. பட்டம் அளிப்பதோ சர்வகலாசாலையே. நல்லாசிரியர்கள் உள்ள இடத்தில் இஃது ஒரு வரமே. அவர்கள் இல்லாத இடத்தில், கற்பிப்பவரே வினா எழுதி, அவரே மதிப்பெண்ணும் வாரி வழங்கும் வேடிக்கையாகி விடும் என்பது நமது அபிப்பிராயம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கதி வேறு. 1956-ம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-வது பிரிவின்கீழ் தோன்றும் இவை தாமே பட்டம் அளிக்கும். அவற்றுள் நல்லனவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அவை சேர்வதில்லை. இதனால் நஷ்டமடைவது யார்? ஏழை மாணவனே! சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் நூற்றுக்கு 7.5 இடங்களை 2021-ம் வருஷத்துச் சட்டம் ஒதுக்கியது. அவ்விடங்களில் சேர்வோரின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதாகவும் அறிவித்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கும் கட்டணச் சலுகை உண்டு. இவையெல்லாம் கலந்தாய்வு வழியே வருவோருக்குத்தான். கலந்தாய்வு தொடங்குமுன்பே தரகர் வீட்டு வாயிலில் வந்து நின்று, "இடம் போய்விடும், முன்பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துவதன் காரணம் இப்போது விளங்கும். சுயநிதிப் பொறியியல் கலாசாலையிலும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவனுக்கு இதே கதிதான். நிலத்தை ஈடு வைத்து, இலவசமாகக் கிடைத்திருக்கக் கூடிய படிப்பை விலைக்கு வாங்கும் பேதைமையை என்னென்பது!

தர அங்கீகாரத்திலும் எச்சரிக்கை வேண்டும். தேசிய அங்கீகார வாரியம் கலாசாலை முழுமைக்கும் முத்திரை இடுவதில்லை. தனித்தனிப் பாடப்பிரிவுக்கே, அதுவும் குறித்த காலத்துக்கே, அளிக்கிறது. இயந்திரவியலுக்குக் கிடைத்ததைக் காட்டிக் கணினிப் பிரிவுக்கு ஆள் பிடிப்பது எளிது.

விவரங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று தொழில்நுட்பக் கல்விக் குழு விதித்திருப்பது மெய்யே. கிராமத்துத் தந்தை அந்த ஆங்கிலப் பக்கங்களை எங்கே தேடுவார்? கலாசாலையின் வகை, சேரும் பிரிவு, முழுக் கட்டணம், அங்கீகாரம் முடியும் தேதி ஆகியவற்றை விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே தமிழில் அச்சிடும்படி சர்க்கார் உத்தரவிடல் வேண்டும். அடுத்த விண்ணப்ப காலத்துக்கு முன்னரே இதைச் செய்யலாம். செலவு ஒரு காகிதம்.