ஒண்ணேகால் மணி நேரம்தானே?

"அம்மா, பிளேனில் ஒண்ணேகால் மணி நேரம்தான். வீட்டிலே பால் கொடுத்துட்டுக் கிளம்பினா, அடுத்த பால் உங்க வீட்டுக்கு வந்துதான்!" என்று மதுரையிலிருந்து போன் பண்ணினாள் என் மகள். எட்டு மாதக் குழந்தையோடு அவளுக்கு முதல் விமானப் பயணம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மதுரைக்கும் சென்னைக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 420 கிலோமீட்டர். இறக்கையில் விசிறி சுற்றுகிற ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அப்படிப் பார்த்தால் ஐம்பது நிமிஷம்தான். மீதி நேரம் தரையில் ஊர்ந்து போவதிலும், மேலே ஏறி இறங்குவதிலும் செலவாகி விடும். இவ்வளவு கிட்டத்து ஊருக்குப் பெரிய ஜெட்டில் ஏறினாலும் அதிக லாபமில்லை.

"காகிதத்தை எடு, கணக்கு எழுது" என்றேன். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி. புறப்படுவதற்கு ஒன்றரை மணி முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும். பயணம் ஒண்ணேகால். பெட்டி வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு, டிராபிக் புண்ணியத்தில், ஒரு மணி. மொத்தம் ஐந்து மணி நேரம்! (வைகை எக்ஸ்பிரஸில் ரயில் பயணமே ஏழு மணிக்கு மேல் என்பதும் நிஜம்தான்.) குழந்தைக்கு இரண்டு வேளைப் பால், மாற்றுத் துணி எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும் என்றேன். குழந்தைக்கு வேண்டிய பாலைப் பரிசோதனையில் தடுக்க மாட்டார்கள்.

இதுவரை நான் சொன்னது சரி. அடுத்துச் சொன்னதுதான் தப்பு. "விமானம் ஏறும்போதே வயிறு முட்டப் பால் கொடுத்துடு, தூங்கிடும்" என்றேன். தூங்கியது. சென்னை நெருங்கி விமானம் இறங்க ஆரம்பித்ததும் விழித்துக்கொண்டு, காதைப் பிடித்து இழுத்து வீறிட்டிருக்கிறது. வயிறு நிறைந்த பிள்ளை பாலைத் தொடவே இல்லை. வந்து சேர்ந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

குழந்தை டாக்டர்தான் விளக்கினார். மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். தொண்டைக்கும் காதுக்கும் நடுவே உள்ள சின்னக் குழாய் திறந்தால்தான் அது நடக்கும். விழுங்கினால் குழாய் திறக்கும். கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது நமக்குக் காது அடைக்கிறதே, அதே சமாசாரம். நாம் எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம். பச்சைக் குழந்தைக்கு என்ன தெரியும்? நடுவானில் இறுக்கி மூடிய காலித் தண்ணீர் பாட்டில், தரைக்கு வந்ததும் நசுங்கியிருப்பதைப் பாருங்கள், புரியும்.

ஆகவே தாய்மார்களே, பாலை இறங்கும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். தரை தொட இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அப்போது குழந்தை தூங்கினால் எழுப்பி, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சளியோ காது வலியோ இருந்தால், டாக்டரிடம் காட்டாமல் விமானம் ஏற வேண்டாம்.

திரும்பிப் போகும்போது என் பேத்தி மதுரையில் இறங்கும்வரை பால் குடித்துக்கொண்டே இருந்தாளாம். "பக்கத்து சீட்டுத் தாத்தாதான் காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்" என்றாள் மகள்.