மேலேயும் பாருங்க சார்!

அமெரிக்காவில் வீடு மாற்றும் பலர் லாரிக்காரரைத் தேடி அலைவதில்லை. 'பாக்ஸ் டிரக்' ஒன்றை வாடகைக்கு எடுத்து, கட்டில், பீரோ, பூந்தொட்டி சகிதம் தாங்களே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். டிரைவர் கேபினுக்குப் பின்னால் கூரையோடு மூடிய ஒரு பெரிய பெட்டி. அவ்வளவுதான் வண்டி. மழை, தூசு, திருட்டுக் கை எதுவும் அண்டாது. சரக்கோடு சேர்த்து 26,000 பவுண்டைத் (சுமார் 11,800 கிலோ) தாண்டாத வண்டி என்றால் சாதாரண கார் லைசென்ஸே போதும்.

வினையே அங்கேதான். நேற்றுவரை கார் ஓட்டியவருக்கு முன்னால் பார்க்கத் தெரியும், கண்ணாடியில் பின்னால் பார்க்கத் தெரியும். மேலே பார்த்துப் பழக்கமில்லை.

வட கரோலினாவில் டர்ஹாம் என்று ஒரு நகரம். அங்கே கிரெக்ஸன் தெருவில் ஒரு பழைய ரயில்வே பாலம். அடியில் 11 அடி 8 அங்குலம்தான் இடைவெளி. டிரக்குகளோ 12 அடி, 13 அடி. பக்கத்து ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர், அடிக்கடி 'டமார்' சத்தம் கேட்டு, 2008-ல் ஒரு வீடியோ கேமராவையே பொருத்திவிட்டார். நூறுக்கும் மேற்பட்ட மோதல்கள் அதில் பதிவாகின. கூரை தகரமாய்ச் சுருண்டு உரிவதால் பாலத்துக்கு 'கேன் ஓப்பனர்' என்று செல்லப்பெயர்!

'ரோட்டைத் தோண்டித் தாழ்த்தினால் என்ன?' என்பீர்கள். அடியில் பெரிய சாக்கடைக் குழாய் ஓடுகிறது. அதனால் 2016-ல் சென்ஸார் வைத்தார்கள். உயரமான வண்டி வந்தால் சிக்னல் சிவப்பாகும். 'உயரம் அதிகம், திரும்பு' என்று விளக்கெழுத்து பளிச்சிடும். நம்ம ஆள் என்ன செய்தார்? சமர்த்தாக நின்றார். பச்சை விழுந்தது. நேரே போய் இடித்தார்! சிவப்புக்கு நில், பச்சைக்குப் போ என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்தவரை என்ன சொல்ல முடியும்?

கடைசியில் 2019-ல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அப்புறமும் இடிக்கிறார்கள்.

சிரிப்பு இத்தோடு நிற்கட்டும். உரிந்த கூரைக்குப் பணம் யார் கட்டுவது? பல வாடகை வண்டிகளின் சாதாரண இன்ஷூரன்ஸ், மேல்பக்கச் சேதத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உங்கள் தம்பியோ மச்சானோ அங்கே வீடு மாற்றுவதாக போனில் சொன்னால், 'சாப்பிட்டியா?' என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக இதையும் கேளுங்கள்: "வண்டி எத்தனை அடி உயரம்?"

'தெரியாது' என்றால், சாவியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.