ஒரு மடக்குத் தண்ணீர் போதாது

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மத்தூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரோடு பாயில் சாய்வது சாதாரணம். சில மணி நேரம் கழித்து நடு நெஞ்சில் சுரீரென்று வலிக்கும். எச்சில் விழுங்கினாலும் எரியும். மாரடைப்போ என்று பதறி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். இதயத்தில் கோளாறில்லை என்று தெரிந்த பிறகு 'கேஸ்' என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் சரியில்லை. கடைசியாக என்ன மாத்திரை போட்டார், எப்படிப் போட்டார் என்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. மகாதமனியின் வளைவு அழுத்தும் இடத்தில் அது சற்றுக் குறுகுகிறது. போதிய தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை பெரும்பாலும் அங்கேதான் தங்கும். தங்கிக் கரைந்தால் உள்சவ்வு புண்ணாகும். இதில் அதிகம் அடிபடும் பெயர் டாக்சிசைக்ளின். முகப்பருவுக்கும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும் கொடுக்கிறார்களே, அதுதான். கரைந்தால் அது கடும் அமிலத்தன்மை கொண்டது. அதன் கேப்சூல் உறையோ ஈரம் பட்டதும் பசைபோல் ஒட்டும். இரும்புச்சத்து, பொட்டாசியம் குளோரைடு, ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளும் இந்த வேலையைச் செய்யும்.

எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே, அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உணவுக்குழாயில் மோசமான புண் வந்ததை மருத்துவ இதழ்கள் எழுதின. தண்ணீர் குறைவாகக் குடித்தவர்களும் உடனே படுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதன்பின் அழுத்தமாக வந்தது. நம்மூரில் இதெல்லாம் பெட்டிக்குள் மடித்த ஆங்கிலச் சீட்டில் பொடி எழுத்தில் கிடக்கிறது. மருந்துக்கடைக் கவரில் இருப்பது 1-0-1 மட்டுமே.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் தரப்படும் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் பெரும்பாலும் இந்தச் சேட்டை செய்யாதவை. ஆனாலும் வீட்டு வாசலுக்கு வரும் தன்னார்வலர், "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? உட்கார்ந்து, டம்ளர் நிறைய தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

வலி வந்துவிட்டால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றினாலோ நிறுத்தினாலோ பெரும்பாலான புண்கள் சில வாரங்களுக்குள் ஆறிவிடும். ரத்த வாந்தி, கருப்பாக மலம், தண்ணீர்கூட இறங்காத நிலை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டம்ளர் நிறைய தண்ணீர் குடியுங்கள், உடனே படுக்காதீர்கள் என்று மருந்துக் கவரில் இரண்டு வரி அச்சடிக்க அரசுக்குப் பெரிய செலவில்லை. ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் சேர்த்து அச்சடிக்கலாம். சிப்காட்டில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவருக்கு இந்தியிலும்.