மறைத்த நோய் ஊரைக் கெடுக்கும்

மாத்தளை மாவட்டத்தில் கோழி வளர்ப்புப் பெரும் பண்ணைக்காரரின் தொழில் மாத்திரமன்று. இறத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் லயத்தின் பின்புறத்தில் பத்துக் கோழிகளை வளர்த்து, முட்டை விற்ற காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் தாய்மார் பலர். அத்தகைய தாயொருத்தியின் கோழிகள் ஒரே இரவில் ஐந்தாறு மடிந்து கிடந்தால் அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் அவளுக்குக் கிடைப்பது உதவியா, தண்டனையா? பறவைக் காய்ச்சலைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

மாவட்டத்தில் நோய் வந்துவிட்டதெனப் பீதி கிளப்புவது நமது நோக்கமன்று. வருமுன் காக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகின்றோம். எச்5 என்1 எனப்படும் வைரசு 1997ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேரைப் பற்றி, அறுவரைக் கொன்றது. அந்நகரின் கோழிகள் பத்து இலட்சத்துக்கு மேல் அழிக்கப்பட்ட பின்னரே அது அடங்கிற்று. 2003ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட நோயாளர் 900க்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். நமது அயலும் தப்பவில்லை. 2021 ஜூலையில் ஹரியானாச் சிறுவன் ஒருவன் டில்லியில் இந்நோயால் இறந்தான். 2024 ஏப்ரலில் கேரளத்து ஆலப்புழையில் வாத்துகளிடையே இந்நோய் பரவிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் கறவை மாடுகளிலும் வைரசு காணப்பட்டது. ஆதலால் கோழி வளர்ப்போர் மாத்திரமன்றி மாடு வளர்ப்போரும் விழிப்பாயிருத்தல் தகும்.

நோயுற்ற பறவையைத் தொடுவோர், இறகு உரிப்போர், எச்சத்தின் தூசியைச் சுவாசிப்போர் ஆகியோரையே இது பெரும்பாலும் பற்றுகின்றது. மனிதரிலிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் ஆற்றலை இவ்வைரசு இன்னும் பெறவில்லை. நன்கு வேகவைத்த இறைச்சியும் முட்டையும் காய்ச்சிய பாலும் தீங்கு செய்யா.

மருந்தும் இல்லாமலில்லை. ஒசெல்டாமிவிர் என்னும் மாத்திரை வைரசு உடலில் பெருகுவதைத் தடுக்கின்றது. காய்ச்சல் தோன்றி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பயன் அதிகம். மூச்சுத் திணறுவோருக்கு ஒட்சிசனும் ஆஸ்பத்திரிப் பராமரிப்பும் வேண்டும். கடையில் வாங்கி விழுங்கும் அன்டிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. ஆகவே, இந்நோயில் உயிர் காப்பது காலம். அந்தக் காலத்தை வீணாக்குவது மறைப்பு.

மக்கள் ஏன் மறைக்கின்றனர்? அறியாமையால் என்று அதிகாரிகள் கூறுவர். நாம் அதனை முற்றாக ஏற்கவில்லை. வெள்ளைக் கழிச்சலால் மடிந்த கோழிக்கும் பறவைக் காய்ச்சலால் மடிந்த கோழிக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வுகூடமே உறுதியாகச் சொல்ல முடியும். அதனை விவசாயி அறியாதது குற்றமன்று. ஆனால் அறிவித்தால் தன் கோழிகள் எல்லாம் அழியும், கையில் ஒரு சதமும் வராது என்ற அச்சம் அறியாமையன்று, அது கணக்கு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர் வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தனர். அன்றைய ஆட்சி அவர்களை நோயாளராகக் கண்டதைவிட நோய் சுமந்து வருவோராகவே அதிகம் கண்டது. அந்த நினைவு இன்னும் லயங்களை விட்டுப் போகவில்லை.

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் நோயைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. அதிகாரம் வேண்டியதே, பொது நன்மைக்காகக் கோழிகளை அழிப்பதையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஊர் முழுவதன் நன்மைக்காக ஒருவன் உடைமையை எடுத்தால், ஊர் முழுவதும் அவனுக்குக் கடன்பட்டதாகும். இந்தியாவில் மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டு நட்டஈடு வழங்கும் முறை உண்டு. நட்டஈடு தருமமன்று, அதுவே அறிவிப்பின் விலை.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, அழிக்கப்படும் பறவைக்கு எவ்வளவு தொகை, எத்தனை நாளில் என்பது நோய் வருமுன்னரே வர்த்தமானியில் எல்லோரும் அறிய வெளியாக வேண்டும். பத்துக் கோழி வளர்ப்பவளும் அதில் அடங்க வேண்டும். இரண்டாவது, 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மிருக வைத்திய அலுவலகத்தின் எச்சரிக்கை தோட்டத்துக்குத் தமிழில் வரவேண்டும். மூன்றாவது, மாத்தளை ஆஸ்பத்திரியில் இம்மருந்து எப்பொழுதும் இருக்கவேண்டும். தோட்ட மருந்தகத்திலிருந்து நோயாளியை அங்கே கொண்டு செல்ல இரவிலும் வாகனம் வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால், கொண்டை நீலம் பாய்ந்தால், அவற்றை விற்காதீர்கள், சமைக்காதீர்கள், ஓடையில் வீசாதீர்கள். வெறுங்கையால் தொடாது, சிறுவரை விலக்கி, மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். பின்னர் காய்ச்சலோ கண் சிவப்போ கண்டால், கோழி மடிந்த செய்தியையும் டாக்டரிடம் கூறுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிர் காக்கும்.

வைரசுக்குத் தமிழன் சிங்களவன் என்ற பேதமில்லை. கலேவெலையின் சிங்கள விவசாயிக்கும் எல்கடுவையின் தமிழ்த் தொழிலாளிக்கும் கேடு ஒன்றே, காப்பும் ஒன்றே. உண்மையைச் சொல்லும்படி மக்களைக் கேட்கும் அரசு, உண்மை சொன்னவன் நட்டப்படமாட்டான் என்ற உறுதியை முதலில் தரட்டும்.