வீட்டுக்குப் பூட்டு சரி, வைஃபைக்கு?

மும்பைல நம்ம ஆளுங்க வீட்டுக்கு இரும்புக் கதவு, இரட்டைப் பூட்டு, கீழே வாட்ச்மேன்னு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வாங்க. ஆனா வைஃபை கடவுச்சொல் மட்டும் மாடி முழுக்கத் தெரியும். கேட்டா, "பக்கத்து வீட்டுப் பையன்தானே சார்" என்பார்கள்.

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போனது. அனுப்பியது வேறு யாரோ. ஆனால் போலீஸ் போய் நின்றது அவர் வாசலில். இணைப்பு அவர் பெயரில் ஆச்சே! அதே செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சல் போனது, நம்மவர்கள் நிறைந்த செம்பூரிலிருந்து.

வெளியூரில் வாடகை வீட்டில் இருக்கிற நமக்கு இந்த வம்பு தேவையா?

பத்து நிமிட வேலைதான். ரவுட்டர் பக்கத்தில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 (ஏஇஎஸ்) என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. 2001-லேயே உடைபட்ட டபிள்யூஈபி வேண்டவே வேண்டாம். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். நீளமாக, செல் நம்பராக இல்லாமல் வையுங்கள். ரவுட்டரின் 'அட்மின்' கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.

விருந்தாளி கேட்டால்? 'கெஸ்ட் நெட்வொர்க்' கொடுங்கள், அவர் போனதும் மாற்றிவிடுங்கள். வந்தவருக்குத் தண்ணீர் தருவோம், பீரோ சாவியைத் தருவோமா?

கஞ்சத்தனம் என்று பேசினால் பேசட்டும். பதில் சொல்லப்போவது நாம்தானே!